முள் காட்டாத பக்கம்

கலியமூர்த்தி வந்து வாசலில் நின்ற விதத்திலேயே என் மனசில் ஏதோ தட்டியது. சவாரி இல்லாத காலையில் அவன் வண்டியை எடுத்து வருகிறவன் இல்லை. வந்தாலும் தெருமுனையிலேயே ஹாரன் அடித்துவிடுவான். அன்று அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளேயும் வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி போயிட்டாரும்மா" என்றான்.

"எந்த மேஸ்திரி?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த மேஸ்திரி ஒருவர்தான். இருந்தாலும் கேட்டேன். வேறு யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது. அவன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். நான் அடுப்பை அணைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போய்ச் சேரும் வரை அவன் இடது காலையே பார்த்துக்கொண்டு போனேன். கியர் மாற்றும்போது மட்டும் கிளச்சை மிதித்துவிட்டு, உடனே காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான் ஓட்டுகிறான். நான் ஏன் அதைப் பார்த்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஞானப்பிரகாசம் என்ற பிரகாசம் மேஸ்திரியை இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைவிட அதிகமாக அறிந்திருப்பீர்கள். பழைய டவுனில் அவருடைய ஷெட்டில் உங்கள் வண்டிகளும் கிடந்திருக்கும். அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அவருடைய மனைவி ஆரோக்கியமேரி கேட்டார். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் நடந்ததை நான் மறப்பதில்லை. நல்லதையும் மறப்பதில்லை, மற்றதையும் மறப்பதில்லை. "ரெண்டையும் எழுதுனா போடுவியா?" என்று கேட்டேன். "அவரு இருந்தா ரெண்டையும் போடத்தான் சொல்லுவாரு" என்றார். ஆகவே ரெண்டையும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு மிஞ்சியது ஒரு வெள்ளை டீசல் அம்பாசிடர். என் மகன் சேகர் ஓசூரில் வேலையில் இருக்கிறான். விற்றுவிடலாம் என்றான். கருமாதிக்கு வந்தவன் கூடவே ஒரு புரோக்கரையும் அழைத்து வந்து பந்தலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தான். அதற்காக அவனிடம் நான் எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்பது அவனுக்குத் தெரியும். வண்டி வாடகைக்கு ஓடும், கலியமூர்த்தி ஓட்டுவான், அதில் நான் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கலியமூர்த்தி சேத்தியாத்தோப்புக்காரன். எங்கள் வீட்டுக்காரரிடம்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டான். இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பழைய அம்பாசிடர் என்றால் ஓர் ஆசை. பூ சுற்றி, பொண்ணு மாப்பிள்ளையை உட்கார வைத்து, வீடியோ எடுக்கிறார்கள். அதனால் சவாரிக்குக் குறைவில்லை.

வண்டி கரும்புகை விட ஆரம்பித்தபோதுதான் பிரகாசம் மேஸ்திரியை முதலில் பார்த்தேன். இன்ஜினை முழுதாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்றார். சரி, கலியமூர்த்தியை விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"ஓனரு யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்ப மூடுற அன்னிக்கி நீங்கதான் வரணும். டிரைவர அனுப்பாதீங்க."

"நான் வந்து என்னா பண்ணப் போறேன் தம்பி? எனக்கு இன்ஜினு தெரியுமா, ஒண்ணா?"

"இன்ஜினு தெரிய வேணாம் அக்கா. முள்ளு பாக்கத் தெரிஞ்சா போதும். கடியாரம் பாப்பீங்கல்ல?"

அது அவர் ஷெட்டின் வழக்கம். உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இன்ஜினுக்குள் கிராங்க் என்று ஒரு கனத்த இரும்புத் தண்டு சுற்றுகிறது. அது சுற்றினால் மட்டும் போதாது. முன்னும் பின்னும் மயிரிழை அளவுக்கு நகர்வதற்கும் அதற்கு இடம் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்துக்கு எண்ட் பிளே என்று பெயர். மேஸ்திரி சொல்வார்: "ஆட்டமே இல்லேன்னா சூட்டுல இறுகிச் செத்துப்புடும். ஆட்டம் ஜாஸ்தியானா அடிச்சிக்கிட்டுச் சாவும்." அந்த ஆட்டத்தை அளவில் நிறுத்தி வைப்பவை, கிராங்கின் நடுப்பகுதியில் இரு பக்கமும் உட்காரும் வாஷர்கள். தோசையைப் பாதியாக வெட்டி நடுவைத் தோண்டி எடுத்தது போல இருக்கும். அவற்றைப் போட்டு, ஆட்டத்தை அளந்து, வண்டியின் சொந்தக்காரர் தம் கண்ணால் முள்ளைப் பார்த்த பிறகுதான் இன்ஜினை மூடுவார். "ஆபரேசன் பண்ற டாக்டரு சொந்தக்காரன உள்ள விடுவாரா? நான் விடுவேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெருமை அவருக்கு நிறைய உண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் தம்மைப் போல் கிராங்க் உட்கார வைக்க ஆள் இல்லை என்று அவரே சொல்வார். அடுத்தவர் சொல்லும் வரை காத்திருக்க மாட்டார்.

சொன்ன நாளில் போனேன். இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி மேசை மேல் வைத்திருந்தார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். டீ வந்தது. டீ குடித்தால் எனக்குப் பேச்சு வரும். அண்ணாகிராமத்தில் எங்கள் மாமனார் வீட்டுப் பாகத்தில் ஒரு பலா மரம் இருந்தது. எங்கள் பங்கு மரம் அது. அதில் காய்த்ததையெல்லாம் என் ஓர்ப்படி, எங்கள் வீட்டுக்காரரின் உடன்பிறந்தவர் மனைவி, பண்ருட்டி மண்டிக்கு அனுப்பிவிட்டு, எனக்கு ஒரே ஒரு பழம் கொடுத்தனுப்பினாள். அறுத்தால் உள்ளே சுளை இல்லை, வெறும் சக்கை. அந்தக் கதையை ஆரம்பித்தேன். மேஸ்திரி விரலில் கிரீஸை எடுத்து வாஷரில் அப்பி, அது விழாமல் ஒட்டிக்கொள்ளும்படி ஒவ்வொன்றாக உட்கார வைத்துக்கொண்டே கேட்டார்.

"ம்... அப்பறம்?"

"அப்பறம் என்னா, ஆளனுப்பிக் கேட்டேன். மரம் தெரிஞ்சிக்கிட்டா பழம் குடுக்குது, அதுக்கு நான் என்னா பண்றதுன்னு சொல்லியனுப்புறா."

"ம். அப்பறம்?"

அவர் "அப்பறம்" என்று கேட்கும் விதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கையை நிறுத்த மாட்டார், தலையைத் தூக்க மாட்டார், ஆனால் கேட்பது நிஜமாகக் கேட்பது போலவே இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கதையை அவ்வளவு தூரம் கேட்டதில்லை.

கதை பாதியில் இருக்கும்போது, "கொஞ்சம் இருங்க அக்கா, முள்ளு பாத்துரலாம்" என்றார். கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக ஒரு கருவி. அதன் காந்தக் காலை இன்ஜினில் ஒட்டவைத்து, குச்சியைக் கிராங்கின் முனையில் முட்டக் கொடுத்தார். நீளமான ஸ்குரூ டிரைவரால் கிராங்கைப் பின்னால் நெம்பித் தள்ளி, முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தினார். பிறகு முன்னால் நெம்பினார். முள் நகர்ந்து நின்றது. அவர் சுண்ணக்கட்டியால் கண்ணாடி மேல் போட்டிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் சரியாக நின்றது. மறுபடியும் பின்னால் தள்ளினார், முன்னால் தள்ளினார். அதே இடம்.

"பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அப்ப மூடிடறேன்."

பலாப்பழம் பாதியில் நின்றுவிட்டது. இன்ஜினைக் காரில் ஏற்றினார்கள். வண்டி வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஆனித் திருமஞ்சனம் வருவதற்குள் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. கிளச்சை மிதித்தால் இன்ஜின் அணைந்துவிடும். ஒரு கல்யாணத்தில் தெற்கு வீதி திரும்பும் இடத்தில் வண்டி நின்றுபோய், பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே இறங்கித் தள்ளும்படி ஆயிற்று. வீடியோக்காரர் அதையும் எடுத்துவிட்டார். பொண்ணு வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மெதுவாகக் கடலூருக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மேஸ்திரி பானட்டைத் திறந்தார். என்னைக் குனிந்து இன்ஜினின் முன்பக்கம் கிராங்க் முனையில் மாட்டியிருக்கும் புல்லிச் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார். கலியமூர்த்தியிடம், "மிதி... விடு... மிதி" என்றார். அவன் பெடலை மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னால் வந்தது. விட்டு நெம்பினால் பின்னால் போயிற்று. முள்ளே தேவைப்படவில்லை, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"என்னாடா இது, கிளச்சு பெடலா, இல்ல கால் வெக்கிற பலகையா?" என்று கலியமூர்த்தியைக் கேட்டார். கிளச் மேல் எந்நேரமும் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் அது கிராங்கை எந்நேரமும் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்குமாம். அதைத் தாங்கும் வாஷர் தேய்ந்துபோகுமாம். அரை கிளச்சில் ஓட்டுகிறவன் வண்டியில்தான் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகும் என்றார்.

"நான் கால வெக்கறதே இல்ல மேஸ்திரி."

"எல்லா டிரைவரும் அதத்தான்டா சொல்லுவான். எவனாவது ஆமான்னு சொல்லியிருக்கானா?"

"நான் வெக்கல."

"அப்ப புல்லி பொய் சொல்லுதா? முள்ளப் பாத்து மூடுன இன்ஜினு இது. ஒங்கம்மாவும் பாத்தாங்க."

ஆமாம், நானும் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. ஓட்டியவன் அவன். வேறு என்ன நினைப்பது? சேகரிடம் போனில் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல, ஆள மாத்துன்னு" என்றான். அவன் அப்போது சொன்னது வண்டியை விற்கத்தான், ஆளை மாற்ற அல்ல. அதை அவனிடம் சுட்டிக்காட்டினேன். ஆனாலும் கலியமூர்த்தியை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டேன். மேஸ்திரியின் வார்த்தையை நம்பித்தான் சொன்னேன். கலியமூர்த்தி சாவியை எங்கள் வீட்டுக்காரர் படத்துக்குக் கீழே வைத்தான். "ஐயா சொல்லிக்குடுத்த காலும்மா இது. பெடலு மேல தூங்காது" என்று மட்டும் சொன்னான். போய்விட்டான்.

அவன் போவதற்கு முன்னால் பேச்சு சிதம்பரம் கார் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. டிரைவர்கள் அவனுக்கு 'அரைக்கிளச்சு' என்று பேர் வைத்தார்கள். "என்னா அரைக்கிளச்சு, எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்பார்களாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு டிரைவருக்கு அப்படி ஒரு பேர் விழுந்துவிட்டால் எந்த ஓனர் வண்டி கொடுப்பார்? குடிகாடு கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் வேனுக்குக் கேட்டுப் பார்த்தான். அங்கேயும் அந்தப் பேர் அவனுக்கு முன்னால் போயிருந்தது. ஊரோடு போய்ச் சேத்தியாத்தோப்புச் சந்தையில் மூட்டை தூக்கினான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி மேஸ்திரி ஷெட்டிலேயே நின்றது. கையில் வேறு வேலை இருந்ததால் அவர் உடனே பிரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் போன் வந்தது. "அக்கா, பஸ் ஏறி வாங்க. இன்னிக்கே வாங்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் என்ன கெட்டுப்போயிருக்கிறதோ என்று போனேன். குடிகாட்டைத் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்குப் பஸ்ஸில் எல்லாரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்கு மூடத் தோன்றவில்லை.

எப்போதும் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர், அன்று தரையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் தேய்ந்துபோன வாஷர்களைத் துடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"இத பாருங்க அக்கா. இந்தப் பக்கம் கோடு மாதிரி பள்ளம் இருக்குதுல்ல? எண்ண போற வழி. இந்தப் பக்கம் கிராங்கப் பாத்து இருக்கணும்."

"சரி."

"இல்ல. இன்ஜினு செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்துது. வழுவழுன்னு இருக்கற முதுகு கிராங்கப் பாத்துக்கிட்டு இருந்துது. எண்ணயே போகல. காஞ்சு தேஞ்சிருக்கு."

"யாரு மாட்டுனது?"

"இந்த ஷெட்டுல கிராங்க என்னத் தவிர எவன் தொடுவான்?"

எனக்கு விளங்கவில்லை. "முள்ளு சரியாத்தான காட்டுச்சு? நானும் பாத்தனே" என்றேன்.

"முள்ளு ஆட்டத்ததான் காட்டும் அக்கா. மூஞ்சி எந்தப் பக்கம்னு காட்டாது. திருப்பி வெச்சாலும் கனம் ஒண்ணுதான? அளவு சரியாத்தான் வரும். கிரீஸு ரெண்டு பக்கமும் அப்பிக் கெடந்துது. வெரலு பாத்துக்கும்னு உட்டுட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாஷர்களைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? டிரைவரின் கால் என்று ஊரே ஒத்துக்கொண்டாகிவிட்டது. அதை அவரும் யோசித்திருப்பார். அந்த டீ அதனால்தான் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப கலியமூர்த்தி?" என்று கேட்டேன்.

"அவன் கால வெக்கல" என்றார். வாஷரைத் திரும்பவும் தாளின் மேல் வைத்துவிட்டு, "தொறந்து பாக்காம வாய உட்டுட்டேன்" என்றார்.

"இத எங்கிட்ட சொல்லி என்னா தம்பி? நானா அவன அரைக்கிளச்சுன்னு கூப்புடறேன்?"

 அவர் எழுந்துபோய் எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்ததை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். காலைப் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை மாற்றாமல் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறியிருக்கிறார். சந்தையில் விசாரித்து, மூட்டையும் கையுமாக இருந்தவனை இழுத்துக்கொண்டு சிதம்பரம் வந்துவிட்டார். எனக்குப் போன் பண்ணி ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். நான் போனபோது கலியமூர்த்தி தோளில் சந்தைப் புழுதியோடு ஓர் ஓரமாக நின்றான். டிரைவர்கள் எல்லாரும் டீக்கடைப் பக்கம் இருந்தார்கள். மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, அந்த வாஷரைத் தூக்கிக் காட்டினார்.

"இது இவுங்க வண்டியோடது. நான்தான் மாட்டுனேன். திருப்பி மாட்டிட்டேன். இவன் கால்ல ஒரு தப்பும் இல்ல. எங் கை தப்பு."

 டிரைவர்களில் ஒருவன் ஆரம்பித்தான். "மேஸ்திரி, அப்ப எங்க இன்ஜினுல எல்லாம் எந்த மூஞ்சி எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்குதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன், "புள்ளயாரு மாரி எல்லாம் கெழக்கப் பாத்து இருக்கும்டா" என்றான். மறுபடியும் சிரிப்பு.

மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் நகரவில்லை. "சந்தேகம் இருக்கறவன் கொண்டாங்க. தொறந்து காட்டறேன்" என்றார். சிலர் கொண்டுபோகவில்லை. வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் ஒருவர் திருப்பலிக்கும் வருவார்.

அப்போதுதான் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "டேய் கலியமூர்த்தி, நின்னுக்கிட்டே இருக்கற? வா, டீ சாப்புடு." அவன் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்டாண்டில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு போய் டீ கிளாஸை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றான்.

அதோடு விட்டிருந்தால் நான் மேஸ்திரிக்கு அங்கேயே கும்பிடு போட்டிருப்பேன். அவர் விடவில்லை. எல்லாரும் கொஞ்சம் இளகியதும் அவருக்கும் வாய் இளகிவிட்டது. "அன்னிக்கி அக்கா பலாப்பழக் கத சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அத கேட்டுக்கிட்டே மாட்டுனனா, தவறிப்போச்சு" என்றார். ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. கலியமூர்த்திகூடச் சிரித்தான்.

எனக்கு எப்படி இருக்கும்? "தம்பி, இனிமே ஒங்க ஷெட்டுல நான் வாயத் தொறந்தா என்னான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் வண்டியை அவரிடம்தான் விட்டேன். எனக்குக் கோபம் அவர் வாயின் மேல், கையின் மேல் இல்லை. கலியமூர்த்தி மறுபடியும் என் வண்டியை ஓட்ட வந்தான். புது வாஷர் போட்ட அன்று மேஸ்திரி வழக்கத்தை மாற்றியிருந்தார். கிரீஸ் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாஷரையும் துடைத்து, பள்ளம் இருக்கும் பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் உட்கார வைத்தார். முதலில் மூஞ்சி, பிறகு முள். பழைய வாஷரைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். யார் கேட்டாலும், "அதுவா, எங் கை" என்பார். அன்று நான் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

"கலியமூர்த்தி, ஒங்க மேஸ்திரியக் கேளு, ஆயில் எப்ப மாத்தணும்னு."

ஒரு கை தூரத்தில் நின்ற மேஸ்திரி அவனைப் பார்த்துச் சொன்னார்: "கலியமூர்த்தி, ஒங்கம்மாகிட்ட சொல்லு, நான் சொல்லி அனுப்பறப்ப மாத்துனா போதும்னு."

"போன தடவயும் அப்பிடித்தான் சொன்னாருன்னு சொல்லு."

"போன தடவ மாத்துனது அவுங்களுக்கு மறந்துபோச்சுன்னு சொல்லு."

"எனக்கா மறக்கும்? கேளு அவர."

கலியமூர்த்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் என்னா மைக் செட்டா? எனக்கு டீ ஆறுது" என்றான்.

அதன் பிறகு அப்படியே ஓடிற்று. கிறிஸ்துமஸுக்குக் கேக் கலியமூர்த்தி கையில் வரும். பலா சீசனில் நான் ஒரு பழம் அவன் கையில் அனுப்புவேன். "பழம் மட்டுந்தான், கத வராதுன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினேன். "கத இல்லாம பழம் ருசிக்கலன்னு சொல்லு" என்று பதில் வந்தது. அதைச் சொல்லும்போது கலியமூர்த்தி அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டான். நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஆள் பாதியாகியிருந்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் கைதான். நகக்கண்ணில் கறுப்பு இல்லை. கழுவிக் கழுவி யாரோ வேறொருவர் கை போல இருந்தது. பழக்க தோஷத்தில், "எப்பிடி இருக்காருன்னு கேளு கலியமூர்த்தி" என்றேன்.

மேஸ்திரி போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"இப்ப எங் கையில வாஷரு இல்லக்கா. நீங்க பேசலாம்" என்றார்.

கலியமூர்த்தி டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். ஆரோக்கியமேரி எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.  உடம்பைப் பற்றிக் கேட்க மனம் வரவில்லை.

அவரே கேட்டார். "அன்னிக்கி பாதியில நின்னுபோச்சே. மரம் தெரிஞ்சிக்கிட்டா பழம் குடுக்குதுன்னு சொல்லியனுப்புனாங்க. அப்பறம்?"

நிறுத்திய இடம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன். நானே சக்கையைக் கோணியில் கட்டி எடுத்துக்கொண்டு அண்ணாகிராமத்துக்குப் பஸ் ஏறியதைச் சொன்னேன். ஓர்ப்படி வீட்டில் விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ம். அப்பறம்?" என்றார். நான் கோணியோடு பந்திக்கு நடுவில் போய் நின்றது வரை வந்தபோது, நர்ஸ் வந்து பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று எழுப்பிவிட்டார். "அடுத்த தடவ வரப்போ மீதிய சொல்றேன் தம்பி" என்றேன். "கோணிய அவுத்தீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். நர்ஸ் நிற்க விடவில்லை.

அடுத்த தடவை என்று போனது அவர் இறந்த அன்றுதான். ஷெட்டை மூடி, வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று கல்லறைத் தோட்டத்தில் அவ்வளவு கூட்டம். வேறு ஷெட்டுக்குப் போனவர்களும் வந்திருந்தார்கள். நல்லதுதான். ஆனால் பார்த்து வைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்து வந்ததும் ஆரோக்கியமேரி ஷெட்டைத் திறந்து, சுவரில் இருந்த வாஷரைக் கழற்றிக் கலியமூர்த்தியிடம் நீட்டினார். அவன் வாங்கி, துடைத்து, பள்ளம் உள்ள பக்கம் வெளியே தெரியும்படி அதே ஆணியில் மாட்டிவிட்டான். "இங்கியே இருக்கட்டுங்க" என்றான்.

எல்லாரும் கலைந்த பிறகு, "நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு நான் மட்டும் திரும்பவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஈர மண்ணின் மேல் மாலைகள் கிடந்தன. கோணியை அவிழ்த்ததைச் சொன்னேன். பந்தி இலையில் சக்கையைக் கொட்டியதைச் சொன்னேன். ஓர்ப்படி என்ன சொன்னாள், அதற்கு நான் என்ன சொன்னேன், மரம் கடைசியில் யாருக்குப் போயிற்று என்பதையும் சொல்லி முடித்தேன்.

வெளியே வந்தபோது கலியமூர்த்தி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். டீ குடிக்கப் போகவே இல்லை. கதவைத் திறந்துவிட்டான்.

"சொல்லி முடிச்சிட்டீங்களாம்மா?"

"முடிச்சிட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"அப்பறம்னாரு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வண்டியை எடுத்தான். கிளச்சை மிதித்து, கியரைப் போட்டு, காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டான்.

வாஷர் சுவரில் இருக்கிறது. முள் கருவி வேறு யார் கைக்கோ போகும். நான் வைத்துக்கொள்வது அந்த "அப்பறம்?" ஒன்றைத்தான். என் ஓர்ப்படி மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கையில் வேலையோடு உட்கார்ந்து கேட்க ஆள்தான் இல்லை.